பேஸ் வரிசையின் முதல் நாற்காலி

கல்லுவிளை வீட்டு ஆபேலுக்கு எழுபத்திரண்டு வயது. குழித்துறைக்கு மேற்கே உள்ள அவர்கள் சபையில், பாடகர் குழுவின் வலப்பக்கம், கீழ்க்குரல் பாடும் பேஸ் வரிசையின் முதல் நாற்காலி அவருடையது. அவருக்கு முன் அவருடைய அப்பா அதில் இருந்தார். அதற்கும் முன் தாத்தா. கல்லுவிளை ஆண்கள் வாய் திறந்தால் ஜன்னல் அதிரும் என்று ஊரில் சொல்வார்கள். ஆபேல் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

இடப்பக்கம், மேல்குரல் பாடும் டெனர் வரிசையின் முதல் நாற்காலி தெக்கேவிளை ஆன்ட்ரூசுக்கு. அதுவும் மூன்று தலைமுறையாக. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது. ஒரு கல்யாண வீட்டில் ஆன்ட்ரூஸ், "பேஸ் பாட குரல் எதுக்கு? ஏப்பம் விடத் தெரிஞ்சா போராதா?" என்றார். "டெனருக்கு அதுவும் வேண்டாம். ஒரு பூனைக்க வால மிதிச்சா போரும்" என்றார் ஆபேல். அன்றோடு சரி.

புத்தாண்டில் குழுவின் பொறுப்பு பெபிஷாவுக்கு வந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். முதல் பயிற்சியிலேயே சட்டம் போட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு முன்ன ஒவ்வொருத்தருக்கும் டெஸ்ட் உண்டு. அவங்கவங்க பார்ட்ட பாட முடியாதவங்க கீழ சபையோட இருந்து பாடுங்க."

ஆபேல் சிரித்துக்கொண்டார். அந்த வாரமே சிரிப்பு நின்றது. கீழ்ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடிக்கப் போனபோது வெறும் காற்றுதான் வந்தது, கிணறு வற்றிய மோட்டார் போல. வீட்டில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தார். மேலே ஏற ஏறக் குரல் தேனாக வழிந்தது. டெனர்! கல்லுவிளை வீட்டில்!

அதைவிட ஊமையாவது மேல் என்று முடிவு செய்தார். பெரிய வெள்ளிக்கிழமை வாயை மட்டும் அசைத்தார். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையிலும் அசைத்தார். "ஐயா, இன்னைக்கு உங்க பேஸ்தான் பாட்டத் தூக்கி நிறுத்திச்சு" என்று போதகர் கைகுலுக்கினார். தூக்கி நிறுத்தியது பக்கத்து நாற்காலி விபின். ஆபேல் தலையை லேசாகச் சாய்த்துப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

ஆகஸ்டில் குழு திற்பரப்புக்கு இன்பச் சுற்றுலா போனது. அருவி விழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் தும்மினாலும் கேட்காது. இதுதான் சமயம் என்று ஆபேல் தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி, எட்டு மாதமாக அடக்கி வைத்த குரலை அவிழ்த்துவிட்டார். முழு டெனர். இரண்டாவது அடி பாடும்போது காதருகே யாரோ பேஸ் சேர்ப்பது போலிருந்தது. கண்ணைத் திறந்தார். ஒரு முழத் தூரத்தில், இடுப்பில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார் ஆன்ட்ரூஸ்.

இருவரும் கரையேறினார்கள்.

"ஓய், நீரு பாடுனது டெனர்லா?" ஆன்ட்ரூஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீரு பாடுனது பின்ன தாலாட்டா?"

"போன மழைக்கு ஒரு இருமல் பிடிச்சு. அதுக்குப் பிறவு மேல ஏற மாட்டேங்கு."

"எனக்குக் கீழ இறங்க மாட்டேங்கு."

"வெளிய சொல்லிராதியும்."

"எனக்க வீட்டு மானத்த நானே தெருவுல கொண்டு நடப்பனா வே?"

பதினோரு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அதற்குப் பிறகு அடிக்கடி ரகசியமாகப் பேச வேண்டியிருந்தது. டெஸ்ட் நவம்பரில் என்று பெபிஷா தேதி குறித்துவிட்டாள்.

டெஸ்ட் நடந்தது குழுவின் அங்கி அறையில். கீபோர்டு சுவரைப் பார்த்து இருந்தது. பாடுகிறவர் பெபிஷாவின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவருக்கும் பின்னால் வெள்ளை அங்கிகள் வரிசையாகத் தொங்கின. ஆபேலின் முறை வந்தபோது அங்கிகளுக்குள் ஆன்ட்ரூஸ் இருந்தார். ஆபேல் வாயசைத்தார், ஆன்ட்ரூஸ் பாடினார். எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசி அடியில் பாச்சா உருண்டை நெடி ஏறி அங்கிகள் ஒரு தும்மல் போட்டன.

பெபிஷா திரும்பவில்லை. "தும்மலும் பேஸ்லதான் வருது மாமா. பாஸ்."

ஆன்ட்ரூசின் முறைக்கு ஆபேல் உள்ளே புகுந்தார். கல்லுவிளைக்காரர் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு துணிக்குள் ஒளிந்தது அந்த வம்சத்தில் அதுவே முதல் தடவை. ஆனால் பாட்டில் குறை வைக்கவில்லை.

"ஆன்ட்ரூஸ் மாமா, இருவது வயசு குறஞ்சு போச்சே!" என்றாள் பெபிஷா.

தன் குரலுக்குக் கிடைத்த புகழ் தெக்கேவிளைக்குப் போனதில் ஆபேலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்மஸ் கீத ஆராதனையிலும் வாயசைப்பதாகத்தான் ஒப்பந்தம். எட்டுப் பாட்டு வரை இருவரும் சொன்ன சொல்லைக் காத்தார்கள். ஒன்பதாவதில் சபை முழுக்க எழுந்து நின்றது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஒரு வருடம் அடைத்து வைத்த குரல் யாரைக் கேட்டுக்கொண்டு வரும்? வலப்பக்கத்தில் ஆபேல் டெனரில் எழும்ப, இடப்பக்கத்தில் ஆன்ட்ரூஸ் பேஸில் இறங்கினார். பெபிஷாவின் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. வலது காதையும் இடது காதையும் மாறி மாறித் திருப்பினாள்.

ஆராதனை முடிந்ததும் இருவரையும் அங்கி அறைக்குக் கூப்பிட்டாள்.

"எத்ர நாளா நடக்கு இந்த நாடகம்?"

இருவரும் அங்கியைக் கழற்றி மாட்டுவதில் மும்முரமானார்கள்.

"செரி. வருஷப் பிறப்புக்கு ரெண்டு பேரும் நாற்காலி மாறி இருங்க. இல்லேன்னா கீழ போங்க."

ஆபேலுக்கு முதுகு நிமிர்ந்தது. "எனக்க அப்பன் சாவுறதுக்கு முந்துன ஞாயிறு வர இருந்த நாற்காலி மக்ளே. அதுல தெக்கேவிளைக்காரன் இருக்கப்பிடாது. நான் கீழ போறேன்."

"கல்லுவிளைக்காரன் எனக்க நாற்காலியில இருந்தா நானும் கீழதான்" என்றார் ஆன்ட்ரூஸ்.

"நல்ல குரலு ரெண்டையும் கீழ விட்டுட்டு நான் யாரக் கொண்டு பாட?" என்றாள் பெபிஷா. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆபேலுக்கு அந்த வாரம் முழுக்க உறக்கமில்லை. புத்தாண்டு ஆராதனைக்குக் கீழே எந்த பெஞ்சில் இருப்பது என்றுகூட யோசித்து வைத்தார். கோவிலுக்குள் நுழைந்தபோது அவருடைய நாற்காலி அதே இடத்தில் இருந்தது. எதிரே ஆன்ட்ரூசின் நாற்காலியும் அப்படியே. ஆனால் டெனர் பாடகர்கள் எட்டுப் பேரும் ஆபேலுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். விபினும் மற்ற பேஸ் ஆட்களும் புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஆன்ட்ரூசுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பெபிஷா யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில், கீழே சபையோடு இருந்து பாடும் செல்லக்கனி ஆபேலைப் பிடித்தாள். "என்ன அண்ணாச்சி, டெனர் பக்கம் மாறிட்டியளா?"

ஆபேல் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

"நான் எங்க மாறுனேன்? இருந்த இடத்துலதான் இருக்கேன். ஊரு மாறிச்சுன்னா கல்லுவிளை என்ன செய்யும்?"