ஏழாம் பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு

கணவர் இறந்து ஒன்பது நாள் விடுப்பில் இருந்துவிட்டு அகராதி அலுவலகத்துக்குத் திரும்பியவளிடம், தலைமைப் பதிப்பாசிரியர் 'படம்' என்னும் சொல்லுக்குரிய அட்டைக் கட்டை நீட்டினார். அவர் மேசையில், பேப்பர்வெயிட்டின் கீழ், அவளுடைய பணி நீட்டிப்பு ஆணை கையெழுத்தில்லாமல் கிடந்தது.

"பகர வரிசை இன்னிக்கு அச்சுக்குப் போகுதும்மா. இது ஒண்ணுதான் பாக்கி. இதை முடிச்சீங்கன்னா அதையும் முடிச்சிடலாம்."

மிகக் கூடாத இடத்தில் மிகுந்த ஒரு வல்லெழுத்துக்காக ஆளையே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஒற்று' என்று பெயர்.

அவள் அட்டைகளைப் பரப்பினாள். முதற்பொருள் துணி. அடுத்து, துணியில் தீட்டிய சித்திரம். பிறகு துணி கழன்றுபோய்ச் சித்திரம் மட்டும் சொல்லுக்குள் தங்கிவிட்டது. நான்காவது, பாம்பின் விரிந்த தலை. ஐந்தாவது சினிமா, சித்திரம் மீண்டும் ஒரு துணியைத் தேடிப்போய் விழுந்த கதை. இந்த ஐந்தாம் பொருளின் அட்டைகள் எல்லாம் அவள் கணவரின் சாய்ந்த எழுத்தில் இருந்தன. தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர். காதில் விழுந்ததை டிக்கெட்டின் பின்புறம் குறித்துவந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் அட்டையில் ஏற்றிவிடுவார். 'படம் மூணே நாள்ல ஊத்திக்கிச்சு.' ஆறாம் பொருளும் அவர் தந்ததுதான்: 'சும்மா படம் காட்டாதே.' அதை அவளிடமே நாலு தடவை சொல்லிச் சரிபார்த்தார்.

ஏழாவது, 'படமாகிவிடு': இறந்துபோ. எடுத்துக்காட்டு இல்லை.

"அதை நீங்களே எழுதிடுங்க," என்றார் ஒற்று. "புத்தகத்துல தேடினா நாளாகும். உங்களுக்குத்தான் இப்போ கைவசம் இருக்கே."

அவள் எழுதினாள்: 'போன மாதம் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியவர் இன்று படமாகிவிட்டார்.'

"உப்பு எதுக்கு? பொருளை விளக்காத சொல் இங்க நிக்கக் கூடாது."

'என்னை அழைத்துப்போக வாசலில் நிற்பவர் படமாகிவிட்டார்.'

"யாரை? எந்த வாசல்ல? படிக்கிறவனுக்கு ஆள் தெரியக் கூடாதும்மா. அதுதான் நல்ல வாக்கியம்."

பக்கத்து மேசையிலிருந்து மெய்ப்புத் திருத்துபவள் குனிந்து கிசுகிசுத்தாள். "அக்கா, பேசாம நம்ம ஒற்று ஐயாவையே வெச்சு ஒண்ணு எழுதுங்க. பொருள் பளிச்சுனு விளங்கிடும்."

அவள் சிரித்துவிட்டாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. அடக்குவதற்குள் ஒற்று பார்த்துவிட்டார்.

"பரவாயில்லையே, தேறிட்டீங்க."

மூன்றாவதாக, 'அவர் படமாகிவிட்டார்' என்று மட்டும் எழுதி நீட்டினாள். அவர் தலையசைத்தார். அவளும் வாங்கி ஒருமுறை படித்தாள். திணையும் காலமும் சரியாக இருந்தன. நீக்குவதற்கு ஒரு சொல்லும் இல்லை.

ஆணையை எடுக்கப் போன அவர் கை, ஐந்தாம், ஆறாம் பொருள்களின் அட்டைகள்மேல் நின்றது. "இந்த எழுத்து ரொம்பச் சாயுது. அச்சுக்கோக்கிறவர் திணறுவார். எல்லாத்தையும் உங்க கையால எழுதிடுங்க. பழசு கூடைக்குப் போகட்டும்."

"இதை நான் வீட்டுக்கு..."

"அலுவலக அட்டைம்மா."

அவள் எழுதத் தொடங்கினாள். எழுத எழுதப் பழைய அட்டை ஒவ்வொன்றாகக் காலடிக் கூடையில் விழுந்தது. 'சும்மா படம் காட்டாதே' என்ற அட்டைக்கு வந்தபோது, அவளையும் அறியாமல் எழுத்து வலப்பக்கம் சாய்ந்துகொண்டு போனது.

ஒற்று எட்டிப் பார்த்தார்.

"சாயுதே."

அவள் புதிய அட்டை ஒன்றை எடுத்து, நேராக வைத்துக்கொண்டாள்.