நான்காம் அறையின் மூச்சு

பன்னிரண்டு அறைகளுக்கும் சேர்த்துப் பகலில் ஒரே ஒரு நர்ஸ்தான். அதனால்தான் அந்த மறுவாழ்வு மையத்தில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சின்னதாய் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். உடம்பில் ஒயர் எதுவும் ஒட்ட வேண்டாம். நெஞ்சு ஏறி இறங்குவதைத் தள்ளி நின்றே கண்டுபிடித்து நர்ஸின் திரைக்கு அனுப்பிவிடும். பச்சை என்றால் சுகம். சிவப்பு என்றால் ஓட வேண்டும்.

நான்காம் அறையில் லாரிக்காரர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூச்சுக்காகத் தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்திருந்ததால் குரல் எழும்பாது. எந்த ஒயரை ஒட்டினாலும் இடது கையால் பிய்த்து எறிந்துவிடுவார். “ஊரெல்லாம் சுத்தின மனுஷன், கட்டிப்போட்டா சும்மா இருப்பாரா?” என்று மனைவி சிரிப்பார்.

அன்று மதியம் மருந்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் திரையை நிமிர்ந்து பார்த்தாள். நான்காம் அறை பச்சை. நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு. அலை அலையாய், அளவெடுத்த மாதிரி.

லாரிக்காரரின் கோடு குண்டும் குழியுமான ரோடு மாதிரிதான் இருக்கும். இருபதுக்குக் கீழே வந்ததே இல்லை.

“நல்லாத் தூங்குறார் போல” என்று சொல்லிக்கொண்டாள். பேனா நகரவில்லை. எழுந்து நடந்தாள், பாதி வழியில் ஓடினாள்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டிலில் கவிழ்ந்து, கணவரின் இடது கைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகு பெட்டிக்கு நேரே சீராக ஏறி இறங்கியது. லாரிக்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் விழித்தபடி இருந்தது. விரல்கள் மட்டும் மனைவியின் கூந்தலுக்குள் லேசாக அசைந்தன.

“அம்மா, எழுந்திருங்க! தள்ளுங்க!”

அவசர மணியை அழுத்திவிட்டு, தொண்டைக் குழாயின் உள்ளே இருந்த சிறு குழாயை உருவினாள். கெட்டியான சளி அடைத்திருந்தது. சளி உறிஞ்சும் கருவியின் குழாயைத் துளைக்குள் விட்டு உறிஞ்சி எடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி உறிஞ்சினாள். கர்ரென்று ஒரு சத்தம். நெஞ்சு துள்ளி எழுந்தது. டாக்டர் ஆக்ஸிஜனோடு வருவதற்குள் உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது.

மனைவி சுவரோரம் ஒடுங்கி நின்றார். “முடியை இழுத்தாரு சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சுது. ஆசையா தலையைக் கோதுறாருன்னு நினைச்சு… இன்னும் சுகமாத் தூங்கிட்டேன்.”

நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பெட்டியைப் பொருத்திய மெக்கானிக் வந்தார். “அதெப்படிம்மா தப்பு வரும்? நோயாளி மூச்சை மட்டும்தான் எடுக்கும்.”

“பத்தாம் அறை காலி. அங்க கட்டில்ல கொஞ்சம் சாஞ்சு உட்காருங்கண்ணா” என்றாள் நர்ஸ்.

அவர் போனார். டாக்டரும் நர்ஸும் திரையின் முன் நின்றார்கள். அரை நிமிஷம் போயிருக்கும். ஆளே சேராத பத்தாம் அறையில் பச்சை விளக்கு எரிந்தது. பதினெட்டு மூச்சு. நோயாளி நலம்.

டாக்டரின் முகம் வெளிறியது. “எத்தனை மாசமா இதை நம்பிக்கிட்டு இருக்கோம்?”

திரையில் மற்ற பதினொரு கட்டங்களும் பச்சையாகவே இருந்தன. நர்ஸ் அவற்றைப் பார்க்கவில்லை. ஒன்றாம் அறைக் கதவைத் திறந்து, கிழவரின் மூக்கருகே புறங்கையை வைத்து, மூச்சு படும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டாம் அறைக்கு ஓடினாள்.