மெக்கானிக் நெஞ்சில் ஓடிய படகு

படகு இன்ஜினுக்குப் புதுப் பேரிங் மாட்டிய மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, மெக்கானிக் முக்காலின் நெஞ்சுக்குள் இன்ஜின் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. எட்டு இருபதுக்கு நின்றது. ஒன்பதுக்கு மறுபடி ஆரம்பித்து ஒன்பது இருபதுக்கு நின்றது. படகு ஆற்றைக் கடக்கும் நேரமும் அதுதான் என்பதைக் கவனிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் "முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் இழுத்தடிப்பவன் என்பதால் வந்த பெயர்தான் முக்கால். ஆகவே இரண்டு நாள் என்பது அவன் கணக்கில் சீக்கிரம்தான்.

சத்தம் சட்டைக்கு வெளியேயும் கேட்டது. பட்டறைக்கு வந்தவர்கள் வண்டி ஏதோ வருகிறது என்று வழிவிட்டு ஒதுங்கினார்கள். இரண்டு பனியனும் அதன்மேல் ஒரு ஸ்வெட்டரும் போட்டுப் பார்த்தான். சத்தம் கொஞ்சம் தூரத்தில் கேட்பதுபோல ஆனதே தவிர நிற்கவில்லை. டாக்டர் நெடுநேரம் காது வைத்துக் கேட்டுவிட்டு, பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். தன் காரிலும் இதே மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அதையும் ஒரு நடை பார்த்துவிடச் சொன்னார்.

பேரிங் சங்கதி இதுதான். படகுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் இன்ஜின் வேண்டும் என்றார். கம்பெனி பேரிங் வர மூன்று வாரம் ஆகும். முக்காலின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். அவர் அலமாரியில் எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் இருந்தன. உள்ளே இருந்த சாமான் மட்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தது. "ரெண்டும் வட்டமாத்தானே இருக்கு மாப்ள? வேற என்ன வேணும் உனக்கு?" என்றார். மாட்டியபோது பேரிங் ஒரு மயிரிழை ஆடியது. முக்கால் சிகரெட் பெட்டியில் இருந்த வெள்ளித்தாளைக் கிழித்து, மடித்து, அடியில் கொடுத்து இறுக்கினான். ஆட்டம் நின்றது. பதினெட்டு வருடமாக அவன் செய்துவரும் வேலைதான். அந்தத் தாளுக்காகத்தான் அவன் சிகரெட்டையே விடவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

அவன் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் எட்டு மணிப் படகில், இன்ஜின் மூடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போகிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டில் இருந்தபோதுதான் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வைத்துக் கண்ணை மூடினாள்.

"இது நம்ம படகுங்க," என்றாள். "என்ன மாட்டினீங்க அதுல?"

"உங்க அண்ணன்தான்..."

"அண்ணனையா மாட்டினீங்க? பேரிங்கக் கேட்டேன்."

அவன் வெள்ளித்தாள்வரை சொன்னான். மழைக்காலம். ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. துறைக்கு அரை மைல் கீழே தடுப்பணை. நடு ஆற்றில் இன்ஜின் பிடித்து நின்றுவிட்டால் படகு எங்கே போகும் என்பதை இருவருமே வாயால் சொல்லவில்லை.

"நாளைக்கு நீ அதுல போகாத," என்றான்.

"நான் போகலன்னா சரியா? அதுல வேற யாருமே இல்லையா?"

முக்காலின் நெஞ்சு தட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் படகில் நாற்பது பேர் ஏறியிருந்தார்கள். முக்கால் துறையில் நின்று இன்ஜினை நிறுத்தச் சொன்னான். "யோவ், ஓடாத இன்ஜின ஓட வெக்கிறேன்னு ஒரு வாரம் போட்டு வெச்ச. இப்ப ஓடுறத நிறுத்துங்கிற. உனக்கு ஒரு வேலையும் ஒழுங்கா வராதா?" என்றார் படகுக்காரர். படகின் மூடிக்குள் இன்ஜின் சாதுவாகத்தான் உறுமியது. முக்கால் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். முதலில் ஒரு தபால்காரர், கேலி செய்யத்தான், இறங்கிவந்து அவன் நெஞ்சில் காதை வைத்தார். பிறகு படகில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு கரையேறினார். அடுத்தவர் வந்தார். பின்னால் வரிசை சேர்ந்தது. கேட்டார்கள், பையை எடுத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த மச்சான், மழைக்காலத்தில் எல்லா நெஞ்சும் இப்படித்தான் அடிக்கும் என்று கூட்டத்துக்கு விளக்கினார். "அப்ப நீ ஏறுண்ணா," என்றாள் தங்கை. அவர் கடையைத் திறந்துபோட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்து கிளம்பினார்.

இன்ஜினைப் பிரித்தபோது வெள்ளித்தாள் நகர்ந்து ஆயில் துவாரத்தை அடைத்திருந்தது. பேரிங் உருகி வழிந்திருந்தது. இன்னும் ஒரு நடை தாங்கியிருக்கும் என்றார் படகுக்காரர். பாதி நடை என்றான் முக்கால்.

மூன்று வாரம் ஊரே பாலத்தைச் சுற்றிப் பதினோரு மைல் போய்வந்தது; ஒவ்வொரு மைலுக்கும் அவனைத் திட்டியது. கம்பெனி பேரிங் வந்தது. அடியில் எதுவும் வைக்காமலே கச்சிதமாக உட்கார்ந்தது. படகு அக்கரைக்குப் போய்த் திரும்பியது. நெஞ்சில் சத்தமில்லை.

அந்தப் பெரிய சத்தம் அடங்கிய பிறகுதான் சின்னச் சத்தங்கள் கேட்டன. விலாவில் ஒரு விசில், முதுகில் ஒரு கரகரப்பு, தொண்டைக்குக் கீழே விட்டுவிட்டு ஓர் இருமல். பதினெட்டு வருடச் சத்தங்கள். மனைவி ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சொல்ல, அவன் வண்டிகளை அடையாளம் கண்டான். விசில், மாவு மில் ஜெனரேட்டரின் கேஸ்கட். கரகரப்பு, ஒரு டாக்ஸி. வீடு வீடாகப் போய், கேட்காதவர்களுக்கும் நல்ல சாமானாக மாற்றிக் கொடுத்தான். ஏழு சத்தம் நின்றது. மச்சான் அவனோடு பேச்சை நிறுத்தியது எட்டாவது. மீதி வண்டிகள் கைமாறிக் கைமாறி, நம்பரும் நிறமும் மாறி, எந்தெந்த ஊரிலோ ஓடிக்கொண்டிருந்தன. விசாரித்துக் கடிதங்கள் போட்டான். விலாசம் தவறு என்று திரும்பி வந்தன.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடம் ஆகிறது. இப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முக்காலுக்கு மூச்சு இரைக்கும். மூக்கிலிருந்து மெலிதாகக் கரும்புகை வரும். மனைவி ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

"மேடா?"

"மேடுதான். லோடும் ஜாஸ்தி."

"எத்தன பேரு இருக்காங்க?"

"தெரியல."

அவள் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எங்கோ அந்த வண்டி மேட்டைத் தாண்டும்வரை தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.