நாற்பது வெள்ளை பெட்ஷீட்

பதினோரு வருடம் சலவைக்கூடத்தில் குப்பை கொட்டியவன் செய்யவே கூடாத காரியத்தைக் கலையரசன் செய்தான். யாரோ ஒரு சாமியாரின் புதுக் காவி வேட்டியை, அருணாதேவி லாட்ஜின் நாற்பது வெள்ளை பெட்ஷீட்டோடு ஒரே மெஷினில் போட்டுவிட்டான். கதவைத் திறந்தபோது நாற்பதும் துறவறம் பூண்டிருந்தன. சாயங்காலமே முதலாளி அவனுக்கும் விடுதலை கொடுத்தார்.

வேங்கிக்காலில் ஒரு தொழில் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். பத்து யோசனை எழுதிவரச் சொன்னார்கள். கிரிவலத்துக்கு ஒரு ஆப், தியானத்துக்கு ஒரு ஆப், தொலைந்த செருப்புக்கு ஒரு ஆப் என்று ஒரே மூச்சில் எழுதி மனைவி சினேகாவிடம் நீட்டினான்.

"இந்தப் பத்துல உங்களுக்குத் தெரிஞ்சது எது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னதான் தெரியும்?"

யோசித்துப் பார்த்தான். "கறை."

அது மட்டும் நிஜம். வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்கள் வந்த வேகத்தில் கட்டிலில் சாய்வார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் அவன் மேஜைக்கு வரும் வெள்ளைத் துணியெல்லாம் செம்மண்ணும் குங்குமமுமாக இருக்கும். எத்தனை தேய்த்தாலும் முழுசாகப் போகாது. காவி நிறத்தில் அறுபது பெட்ஷீட் தயார் செய்து, பௌர்ணமிக்கு மட்டும் லாட்ஜுகளுக்கு வாடகைக்கு விடுவது என்று தீர்மானித்தான்.

"இதுல டெக்னாலஜி எங்க சார் இருக்கு?" என்றார் வகுப்பு எடுத்தவர்.

"சோப்புல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

செங்கம் ரோட்டில் எட்டு லாட்ஜ் ஏறினான். எட்டிலும் "பார்க்கலாம்". வீட்டில் கட்டில் முழுக்க பெட்ஷீட். அவனும் சினேகாவும் தரையில் படுத்தார்கள். இந்தப் பௌர்ணமிக்கும் ஒருவரும் எடுக்காவிட்டால், திங்கட்கிழமை பழைய முதலாளியிடமே போய் நிற்கவேண்டியதுதான். கடைசியாக லாட்ஜ் சொந்தக்காரி அருணாதேவியிடம் ஐந்தாவது தடவை போனான்.

"என் பெட்ஷீட்டுக்குச் சாயம் ஏத்தினவன்தானே நீ?"

"நானேதான்க்கா. அதெல்லாம் என்ன பண்ணீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப மொட்டை மாடில காயறது என்னக்கா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பார்க்கலாம்பா. பௌர்ணமி போவட்டும்."

"போனா நானும் போயிடுவேன், பழைய வேலைக்கே. வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. 'பார்க்கலாம்' கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. பதில் வராம நகர மாட்டேன்."

வாசல்படியின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். லாட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவனைப் பார்த்தார். ஏதோ தியானம் நடக்கிறது என்று நினைத்து, பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார்.

அருணாதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒம்பது மாசமா நீ சாயம் ஏத்தினதத்தான் போடுறேன். கறையே தெரியல. வெளிய சொன்னா எல்லா லாட்ஜுக்காரனும் போட்டுடுவான்னுதான் சொல்லல. வெள்ளிக்கிழம காலைல அறுபதையும் எனக்கே கொண்டா."