பார்க் பண்ணிப்போட்டு வாறன்

தங்கேஸ்வரியின் முப்பத்தோராம் நாள் மாலை வைத்த படையலில் அவளுக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன. அவளுடைய தங்கை ஜெயமலர் ஒஷாவாவிலிருந்து விடியவே வந்து சமைத்தாள். கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, பால்ரொட்டி, வேலைக்குக் கொண்டுபோகிற உப்பு பிஸ்கற். வாழையிலையில் இடம் போதாமல் இரண்டாவது இலை போட்டோம். கும்பிட்டு முடிந்ததும் ஜெயமலர் இரண்டு இலைகளையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தாள்.

"அக்காவுக்குப் பிடிச்சது வேற ஏதும் விட்டுப்போச்சோ, அத்தான்?"

"கோட்டோ," என்றேன்.

"அதென்ன சாப்பாடு?"

சாப்பாடு இல்லை என்றேன். யப்பான்காரரின் தந்தி வாத்தியம். ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கும், பதின்மூன்று தந்தி. பதினொரு வருசமாக உன் அக்கா அதைக் கேட்கத்தான் ஊரூராகப் போனாள். ஜெயமலருக்கு விசயம் தெரியும், பெயர்தான் தெரியாது. "ஓ, அந்த வீணையோ" என்றாள். பிறகு, "அப்ப அதில ஒண்டைப் போனில போட்டுவிடுங்கோவன், படத்துக்கு முன்னால" என்றாள்.

போனை எடுத்துத் தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தன. எதைப் போடுவது? அவள் எதைக் கேட்டாள், எது அவளுக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. பதினொரு வருசம் அவளைக் கொண்டுபோய் இறக்கியவன் நான். ஒன்றையும் கேட்டதில்லை. காருக்குள் இருந்தேன்.

போனைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அது தொடங்கியது அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில். ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் இருந்தது அந்த இல்லம். நாங்கள் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிய பிறகும் அவள் விடாமல் போய்வந்த வேலை. அங்கே திருமதி ஒகுமுரா என்ற யப்பானியப் பெண் இருந்தார். குளிக்க வார்க்கப் போனால் கையைத் தட்டிவிடுவாராம். கோட்டோ ஒலித்தட்டைப் போட்டால் மட்டும் அடங்கி இருப்பார். ஆகவே தங்கேஸ் தினமும் அதைப் போட்டாள். அவருக்கென்று போட்டது தன்னைப் பிடித்துக்கொண்டது என்று பிறகு சொல்வாள். அவர் இறந்ததும் ஒலித்தட்டுகளை உறவினர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். தங்கேஸ் தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. யாராவது நேரில் வாசிக்கிறார்கள் என்று அறிந்தால் போய்க் கேட்பாள். அவ்வளவுதான்.

முதல் தடவை நானும் உள்ளே போகத்தான் வெளிக்கிட்டேன். டொன் மில்ஸ் பக்கம் ஒரு மண்டபம். இரண்டு மணி என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்களின் விழாவில் ஐந்து மணி என்று அழைப்பிதழில் இருந்தால் ஆறரைக்குத்தான் விளக்கேற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் நான் ஆறுதலாகச் சேவ் எடுத்து, ரீ குடித்து, இரண்டே முக்காலுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கதவு சாத்தியிருந்தது. முழு நிகழ்ச்சியே ஒரு மணித்தியாலம்தான். வாசலில் நின்ற பெண் விரலை உதட்டில் வைத்தாள். மிச்சப் பதினைந்து நிமிடமும் தங்கேஸ் தன் நல்ல சேலையோடு அந்தக் கதவில் காதை வைத்தபடி நின்றாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. காருக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது ஏசுவாள் என்று பார்த்திருந்தேன். ஏசவில்லை. நானூற்றிநான்காம் நெடுஞ்சாலையில் ஸ்ரீல்ஸ் வீதி வரும்வரை ஒரு சொல்லும் இல்லை. ஸ்ரீல்ஸ் தாண்டியதும், "சரி, இனிக் கதையுங்கோ" என்றாள்.

"என்னத்தை?"

"ஏதாவது."

அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்த முறையிலிருந்து ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விடுவோம். அவளை வாசலில் இறக்குவேன். "பார்க் பண்ணிப்போட்டு வாறன்" என்பேன். "வாங்கோ" என்பாள். காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருப்பேன். நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று இருக்கும். பிளாஸ்கில் ரீ இருக்கும். ஹமில்ரன், கிச்சினர், ஒட்டாவா, ஒருமுறை மொன்றியல். ஒட்டாவாவில் மார்கழிக் குளிருக்கு அரை மணிக்கு ஒருதரம் எஞ்சினைப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தேன். நாலரை மணித்தியாலம் கார் ஓடிப்போய், ஒன்றேகால் மணித்தியாலம் அவள் கேட்டு, திரும்பவும் நாலரை மணித்தியாலம் ஓடி வந்தோம். அன்றும் ஸ்ரீல்ஸுக்குக் கிட்டவாக வந்த பிறகுதான் கதைத்தாள்.

ஏன் உள்ளே போகவில்லை என்று இப்போது என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். முதலில் வெட்கம். பிறகு பழக்கம். நாலைந்து தடவைக்குப் பிறகு, இவ்வளவு நாள் போகாதவன் இன்று எந்த முகத்தோடு போவது என்ற ஒன்று வந்துவிட்டது. அவளும் வற்புறுத்தவில்லை. ஒருமுறை, கிச்சினரிலிருந்து வரும்போது, நான்தான் கேட்டேன்.

"உதில அப்பிடி என்ன இருக்கெண்டு கேக்கிறீர்?"

"விட்டு விட்டுத்தான் வரும். ஒண்டு வந்தாப் பிறகு அடுத்தது எப்ப வருமெண்டு தெரியாது. அந்த இடைக்குள்ள இருக்க நல்லா இருக்கும்."

"சத்தமில்லாததைக் கேக்கவோ இவ்வளவு தூரம் போறீர்?"

"நீங்கள் காருக்குள்ள இருந்து அதைத்தானே செய்யிறியள்?" என்று சிரித்தாள்.

தை மாதக் கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"சித்திரையில ஒண்டு இருக்கு. கியோத்தோவில இருந்து ஒரு ஆள் வருது. இந்த முறை உள்ள வாறியளோ?"

"வாறன்."

"பார்க் பண்ணிப்போட்டோ?"

"இல்லை. உம்மோடயே இறங்கி வாறன்."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நம்பினாள் என்று நான் நினைக்கவில்லை. மாசி இருபதாம் திகதி போய்விட்டாள்.

படையலுக்கு ஒரு கிழமை கழித்து மகள் நிலக்சி கல்கரியிலிருந்து அழைத்தாள். தாயின் கணக்குகளை, ஈமெயிலை எல்லாம் அவள்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா ஒரு கொன்சேர்ட்டுக்கு ரிக்கற் எடுத்திருக்கிறா. ஏப்ரல் ட்வெல்வ். ரிஃபண்ட் கேக்கட்டா?"

"ஒரு ரிக்கற்றோ?"

"நோ, ரூ ரிக்கற்ஸ். லைக், பக்கத்துப் பக்கத்தில ரெண்டு சீற்."

விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

போகப்போகிறேன் என்று ஜெயமலரிடம் சொன்னது பிழையாகப் போயிற்று. "ஒரு வருசத்து ஆட்டத்திவசம் முடியேல்லை, அத்தான். பெண்சாதி செத்து ரெண்டு மாசம் ஆகேல்லை, ஆள் கச்சேரிக்குப் போட்டார் எண்டு ஆக்கள் கதைக்க மாட்டினமோ?"

"அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் வராயினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒருநாளாவது உள்ள போய்ப் பாத்தனீங்களோ?"

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்த ஐயரைப் போனில் கூப்பிட்டேன். அவர் எங்கோ ஒரு வீட்டுக் கிரியைக்குக் கார் ஓடிக்கொண்டிருந்தார்.

"என்ன கச்சேரி?"

"யப்பான் வாத்தியம், ஐயா."

அவருடைய காரின் சிக்னல் டிக் டிக் என்று அடிப்பது கேட்டது.

"யப்பான்காரரைப் பற்றி எங்கட சாஸ்திரத்தில ஒண்டும் சொல்லேல்லை. அதைக் கேக்கிறது உங்களுக்குச் சந்தோசமோ?"

"தெரியாது, ஐயா. நான் கேட்டதில்லை."

"அப்ப போய்க் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. சந்தோசமெண்டாத்தான் பிழை."

ஏப்ரல் பன்னிரண்டு அன்று மழை. நகரத்தின் நடுவே பழைய தேவாலயம் ஒன்றின் மண்டபம். இரண்டு மணிக்கு நிகழ்ச்சி. பன்னிரண்டரைக்கே போய்விட்டேன். தேவாலயத்துக்கு எதிரிலேயே ஒரு இடம் கிடைத்தது. எஞ்சினை நிறுத்தினேன். பிறகு, என்னை அறியாமலே, இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் அப்படியே போயிற்று. ஒரு பக்கமும் திருப்பவில்லை. குடைகள் வருவதும் வாசலில் மடிவதும் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தன. இறங்கவேண்டும் என்று நினைத்தேன், கை கதவுக்குப் போகவில்லை. இந்த இடம் எனக்குப் பழக்கமான இடம். இங்கே இருந்தால் அவள் உள்ளே இருக்கிறாள், முடிந்ததும் வருவாள். இறங்கிப் போனால் அவள் உள்ளே இல்லை என்பது தெரிந்துவிடும்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்ற பெண் குனிந்து, கதவு சாத்தாமல் இருக்க வைத்திருந்த கட்டையை எடுத்தாள். சாத்திய கதவை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். புத்தகத்தைப் போட்டுவிட்டு மழைக்குள் ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் அது ஓட்டமில்லை, ஆனாலும் ஓடினேன்.

அந்தப் பெண்ணின் சட்டையில் ஸ்டெபனி என்று பெயர் குத்தியிருந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினோம். பட்டியலில் தேடினாள். "தங்கேஸ்வரி, இரண்டு பேர்" என்றாள். பெயரைச் சரியாகச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் அவருடைய கணவரா?"

ஆம் என்றேன்.

அவள் முகம் முழுக்கச் சிரித்தது. "கடைசியில் பார்க்கிங் கிடைத்துவிட்டதா?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். ஸ்டெபனி தொண்டு செய்யும் எந்த நிகழ்ச்சிக்கு வந்தாலும் தங்கேஸ் பக்கத்து இருக்கையில் தன் சால்வையை வைப்பாளாம். யாராவது கேட்டால், கணவர் கார் நிறுத்தப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பாளாம். விளக்கு அணைந்த பிறகுதான் சால்வையை எடுப்பாள். "நாங்கள் பகிடியாகச் சொல்வோம், ரொறன்ரோவிலேயே அதிக நேரம் பார்க்கிங் தேடிய மனிதர் நீங்கள்தான் என்று. இன்றைக்கு உங்கள் மனைவி எங்கே?"

"வருகிறா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் அதுதான் வந்தது.

நடு வரிசையின் ஓரத்தில் இரண்டு இருக்கைகள். நனைந்த கோட்டைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். மேடையில் சாம்பல் நிறக் கிமோனோவில் ஒரு பெண் வந்து குனிந்து வணங்கினார். வலது கையின் மூன்று விரல்களில் வெள்ளை நகங்களை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முதல் பாதியை நான் கேட்டேன் என்று சொல்லமுடியாது. அந்த இருக்கையிலிருந்து தலையைச் சற்றுத் திருப்பினால் கதவு தெரியும். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இருக்கையை அவள் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள்.

இடைவேளையில் ஸ்டெபனி வந்து என் பக்கத்தில் குனிந்தாள். மண்டபம் நிறைந்துவிட்டது, பின்னால் ஒரு அம்மா நின்றபடி கேட்கிறார், உங்கள் மனைவி வரத் தாமதமாகும் என்றால் இரண்டாம் பாதிக்கு மட்டும் அவரை இங்கே இருத்தலாமா என்று கேட்டாள்.

"அவ வரமாட்டா," என்றேன். "மாசி மாதம் இறந்துவிட்டா."

ஆங்கிலத்தில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மிகச் சின்ன வசனமாக இருந்தது. ஸ்டெபனி வாயைப் பொத்திக்கொண்டாள். தான் செய்த பகிடிக்கு மன்னிப்புக் கேட்டாள். அது அவளுடைய பகிடி அல்ல, என் மனைவியின் பகிடி என்றேன். பிறகு, அந்த இருக்கை அப்படியே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

விளக்கு அணைந்ததும் தங்கேஸ் சால்வையை எடுத்துவிடுவாள். கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அவரை வரச் சொல்லுங்கள்."

வந்தவர் என் வயதுடைய பெண். குடையைக் காலடியில் வைத்துவிட்டு நன்றி சொன்னார். "அடிக்கடி வருவீர்களா?" என்று கேட்டார்.

"முதல் தடவை."

இரண்டாம் பாதியில் கதவுப் பக்கம் திரும்பவில்லை. தொடங்குமுன் அந்தக் கலைஞர் ஒவ்வொரு தந்திக்கும் கீழே இருந்த சிறு கட்டைகளை, நாங்கள் வீணையில் குதிரை என்போம், ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். யாரும் அசையவில்லை. பிறகு ஒரு தந்தியை மீட்டினார். ஒலி எழுந்து போய்க்கொண்டிருந்தது. அது முடியப்போகிற இடத்தில் இடது கையால் தந்தியை அழுத்தினார்; போனது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. பிறகு ஒன்றுமில்லை. நான் அடுத்ததற்காக இருந்தேன். வருமா என்று இருந்தேன். வந்தது.

அவளுக்குப் பிடித்தது இதுதானா, வேறொன்றா, இன்னும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லை. சந்தோசமா என்று ஐயர் கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. காரில் ஏறியதும் பழக்கத்தில் பக்கத்து இருக்கையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பின்னால் போட்டேன், யாரோ இருக்கப்போகிற மாதிரி. வானொலியைப் போடவில்லை. நானூற்றிநான்கில் ஏறினேன். முன்பெல்லாம் அவள் பேசாமல் வரும்போது எனக்கு ஒரு அவசரம் இருக்கும், எப்போது ஸ்ரீல்ஸ் வரும் என்று. அன்று எனக்கும் பேசத் தோன்றவில்லை.

ஸ்ரீல்ஸ் என்ற பச்சைப் பலகை வந்தது, தலைக்கு மேலால் போயிற்று. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. அடுத்தது வருமா என்று கொஞ்சத் தூரம் அப்படியே காத்துக்கொண்டு கார் ஓடினேன். ஸ்ரௌவ்வில்லுக்குத் திரும்புகிற இடம் வந்ததும் சிக்னலைப் போட்டேன்.