சுக்கான் துடுப்புக்கு ஒரு கட்டளை

உலகின் எல்லாத் திசைகளிலும் வாழும் மக்களுக்கும், குறிப்பாகத் தோபா ஏரிக்கரையில் லும்பான் பாரிங் கிராமத்தின் நாற்பத்திரண்டு வீட்டாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இவ்வாண்டு ஏரித் திருவிழாப் படகுப் பந்தயத்தில் நமது படகு மறுபடியும் கடைசியாக வருமானால், இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுக்கான் துடுப்பைப் பிடித்துவரும் திருவிழாக் குழுத் தலைவர் மங்கிரிங் அவர்கள் அத்துடுப்பைத் துறப்பார். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

தேவாலயத்து ஒலிபெருக்கியில் இதை வாசித்தவர் மங்கிரிங். எழுதியவரும் அவரே. வரலாறு குறித்துக்கொண்டதோ இல்லையோ, கள்ளுக்கடை பெஞ்சில் இருந்த அவருடைய மைத்துனர் ஜாவுத்திர் நன்றாகவே குறித்துக்கொண்டார். ஒன்பது வருடமாகப் படகு கடைசியாக வருகிறது. ஒன்பது வருடமாக ஜாவுத்திருக்கு அந்தத் துடுப்பின் மேல் கண்.

"துடுப்பை எங்க வைக்கிறதுன்னு இடம்கூட பாத்துட்டேன் மாப்ளே," என்றார் அவர், மங்கிரிங் கடைக்குள் நுழைந்ததும். "வீட்டு வாசல்ல, மான் கொம்புக்குக் கீழ."

"மான் கொம்பு கீழே விழாம பாத்துக்கங்க மச்சான்," என்றார் மங்கிரிங். துடுப்பு இல்லாவிட்டால் அவர் யார்? சுற்றுலாப் பயணிகளுக்கு ஆறு அறை வாடகைக்கு விடுகிற, வெந்நீர் வரவில்லை என்ற புகாரைக் காலையில் கேட்டுக்கொள்கிற ஒரு மனிதர். அவ்வளவுதான்.

படகு ஏன் தோற்கிறது என்பது ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மனைவியின் அண்ணன் என்பவர் இந்தப் பட்டாக் இனக் குடும்பங்களில் கிட்டத்தட்ட தெய்வம். தெய்வத்தைப் பின்னால் உட்கார வைக்க முடியாது. ஆகவே ஜாவுத்திர் முன்வரிசையில் உட்காருவார். ஜாவுத்திரின் முதுகு, இரண்டு பேர் படுத்துறங்கும் அகலம். பின்னால் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருக்கிற மங்கிரிங்குக்கு அந்த முதுகுக்கு அப்பால் ஏரி ஒன்று இருப்பதாகக் கேள்வி. ஒரு வருடம் படகு மீன் வளர்க்கிற வலைக்கூண்டில் மோதியது. மறு வருடம் விருந்தினர் மேடையில் மோதியது. "மச்சான், கொஞ்சம் பின்னால மாறி உக்காருங்களேன்" என்று சொல்ல அவருக்கு ஒன்பது வருடமாக வாய் வரவில்லை.

இந்த வருடம் சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு புது விதி வந்தது. ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஒரு பெண் நின்று குரல் கொடுக்க வேண்டும். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

ஊர் ஒரே வாயாகத் தியுர்மா என்றது. தியுர்மா படகுத்துறையில் மீன் விற்பவள். அவள் "இருங்க" என்றால் புறப்பட்ட படகும் நிற்கும். ஜாவுத்திரின் மகள். போன வருடம் முறைப்படி அத்தை மகன் பார்லினைக் கட்டிக்கொண்டு, மங்கிரிங்கின் மருமகளானாள்.

அங்கேதான் சிக்கல். கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை அவள் மங்கிரிங்கின் மீசையைக் கேலி செய்துகொண்டு திரிந்தவள். தவழும் வயதிலிருந்தே அவர் தோளில் ஏறி வளர்ந்தவள். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து, முறை முறைதானே, மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை நடுவில் ஓர் ஆளிடம் சொல்லலாம். ஆள் இல்லாவிட்டால் தூணிடமோ பானையிடமோ சொல்லலாம். அவர் வீட்டுச் சோற்றுப் பானைக்கு ஊர் விஷயம் எல்லாம் தெரியும்.

ஒத்திகையில் நடுவில் பார்லின் உட்கார்ந்தான். பார்லின் மரியாதைக்காரன்; ஊரில் அதுதான் அவன் மேல் உள்ள ஒரே குறை.

"வலது," என்றாள் தியுர்மா.

பார்லின் துடுப்பை மடியில் வைத்தான். பின்னால் திரும்பினான். "அப்பா, உங்க மருமக ஒரு விஷயம் சொல்றா. தப்பா எடுத்துக்காதீங்க. முடிஞ்சா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, கொஞ்சம் வலது பக்கமா..."

படகு வலைக்கூண்டில் மோதியது. உள்ளே இருந்த மீன்கள் பழக்கம் காரணமாக அலட்டிக்கொள்ளவில்லை.

"நல்ல மகன்," என்றார் ஜாவுத்திர், நெற்றியைத் தடவிக்கொண்டு. "மாப்ளே, அந்த மான் கொம்பை ஒரு ஜாண் மேல ஏத்தச் சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் மங்கிரிங் துடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறவர் அவளுக்குத் தலை வாரிவிடுவதுபோல. தியுர்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே துடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஏ துடுப்பே, கவலைப்படாத. நாளைக்கு உங்கிட்ட நேராவே சொல்லிடறேன். நடுவுல ஆள் வேணாம்."

மங்கிரிங் துடுப்பைப் பார்த்தே பதில் சொன்னார். "கேட்டுக்க துடுப்பே. பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. பள்ளி விடுமுறைக்கு மெடான் நகரத்திலிருந்து வந்த குடும்பங்கள், தலையில் பூக்குவளை மாதிரித் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள், வறுத்த மீன் புகை, பறையும் தாளமும். அதிகாரி ஒருவர் ஏரியின் அழகைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கொடி அசைந்தது. வழக்கம்போல மற்றவர்கள் முன்னால் போனார்கள். லும்பான் பாரிங் படகுக்கு எட்டும் தூரத்தில் சோசோர் ஊர்ப் படகு ஒன்றுதான். திருப்பத்துக்கான சிவப்பு மிதவை வந்தது. மங்கிரிங்குக்குத் தெரிந்ததெல்லாம் மைத்துனரின் முதுகில் விரிந்துகொண்டே போகிற வியர்வைக் கறை.

தியுர்மா மிதவையைப் பார்த்தாள். அதற்கு நேர் பின்னால் வலைக்கூண்டையும் பார்த்தாள். பார்லினைப் பார்த்தாள். அவன் துடுப்பை மடியில் வைக்க ஆரம்பித்திருந்தான்.

"வலது," என்று ஒரு சத்தம் போட்டாள். படகுத்துறையில் நின்ற இரண்டு படகுகள் அந்தப் பக்கம் சாய்ந்ததாகப் பின்னால் சொன்னார்கள். "வலதுன்னா வலது. என்ன, தூக்கமா? இழு, முழுசா இழு. இன்னும்."

மங்கிரிங் இழுத்தார். யோசித்திருந்தால் இழுத்திருக்க மாட்டார். படகு மிதவையை உரசிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்த இடத்தில் திரும்பியது. கூண்டு மீன்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. சோசோர் படகு பக்கவாட்டில் வந்தது, பிறகு பின்னால் போனது, பிறகு காணவில்லை. எல்லைக் கயிற்றைத் தாண்டியபோது மங்கிரிங்குக்குக் கண்ணீர் வந்தது. ஏரித் தண்ணீர் தெறித்தது என்று துடைத்துக்கொண்டார்.

கரையில் ஊரே குதித்தது. ஜாவுத்திர் மட்டும் ஈரத் துணியோடு நேராக ஊர்ப் பெரியவர்கள் மூவரிடம் போனார்.

"என் சொந்தப் பொண்ணுதான். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? மாமனார்கிட்ட நேருக்கு நேர் பேசிட்டா. முறை கெட்ட படகு ஓடினதாவே கணக்கில்ல. துடுப்பை எங்கிட்டக் குடுங்க."

மங்கிரிங் துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். பெரியவர்களில் மூத்தவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினார். "யாருகிட்டம்மா பேசின?"

"துடுப்புகிட்ட," என்றாள் தியுர்மா.

"பொய்," என்றார் ஜாவுத்திர். "தூக்கமான்னு கேட்டா. துடுப்பு தூங்குமா?"

"ஒம்பது வருஷமா தூங்கிட்டுத்தானே அப்பா இருந்துச்சு."

முதலில் சிரித்தவர் மூத்தவர்தான். வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. அதன்பின் யாரும் யாரையும் அடக்க முடியவில்லை. மங்கிரிங்குக்கு அந்த அடி யார் மேல் விழுந்தது என்று நன்றாகவே புரிந்தது. ஆனாலும் துடுப்பு கையில் இருந்ததால் அவரும் சிரித்தார்.

மூத்தவர் தீர்ப்புச் சொன்னார். "வலது பக்கம் திரும்புன்னு சொன்னா. துடுப்பு திரும்பிச்சு. யாருக்குச் சொன்னாங்களோ, அவங்கதான் கேப்பாங்க. ஆகவே துடுப்புக்குத்தான் சொன்னா. ஆனாலும் சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டதால, மங்கிரிங் வீட்டுல ஒரு பன்னி அடிச்சு எல்லாருக்கும் பங்கு வைக்கணும். இப்பவே."

இதைவிட இனிமையான தண்டனையை ஊர் கேட்டதில்லை. மதியத்துக்குள் பன்றி வெந்தது. தாடைப் பங்கு முறைப்படி மைத்துனருக்கு. ஜாவுத்திர் கோபமாக வாங்கி, கோபமாகத் தின்று, இரண்டாவது குவளைக் கள்ளில் கோபத்தை மறந்து, ஊர் வழக்கப்படி கைகூப்பி மகளோடு ஆடினார்.

"அடுத்த வருஷமும் முன்னாடி நாந்தான் மாப்ளே," என்றார்.

"உங்க முதுகு இல்லாம பந்தயமா மச்சான்?"

தியுர்மா சோற்றுப் பானையின் பக்கம் திரும்பினாள். "பானையே, மீசை இன்னிக்கு எடுப்பா இருக்குன்னு சொல்லிடு." மங்கிரிங் மீசையை நீவிவிட்டு, பானைக்கு நன்றி சொன்னார்.

பிறகு மேடையேறி, பதினான்கு பக்கப் பேச்சை எடுத்தார். லும்பான் பாரிங் மக்களின் வீரம், முன்னோரின் ரத்தம், ஏரியின் ஆசி, இனி வரும் தலைமுறைகள். தன் விடுதி வாசலில் 'பந்தயத்தில் ஐந்தாம் இடம் வென்ற படகின் சுக்கானியார் இல்லம்' என்று பலகை வைக்கப்போவதாக அறிவித்தார். கைதட்டல் அக்கரைவரை கேட்டது.

ஓடிய படகுகள் ஆறு. ஆறாவதான சோசோர் படகு, ஒரு வெள்ளைக்காரரின் தலையிலிருந்து தண்ணீரில் விழுந்த தொப்பியை எடுத்துக் கொடுக்க நடுவழியில் நின்றிருந்தது.