காசல்ரீயில் பத்து நாள்

அம்மாவின் காரியங்கள் முடிந்த பிறகு லோஜினி மறுபடி ஊருக்குப் போனது அந்த ஏப்ரல் விடுமுறையில்தான். கணவன் ஜீவராஜும் ஒன்பது வயது மகள் தனுஜாவும் கூட வந்தார்கள். கொழும்பிலிருந்து ரயிலில் ஹட்டன், அங்கிருந்து நோர்வூட் பஸ். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் வளைவில் இறங்கித் தேயிலைக்குள் பத்து நிமிடம் நடந்தால் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தம்பி விஜிதரன் வத்தளையிலிருந்து முதல் நாளே வந்துவிட்டிருந்தான். அவன் மனைவிக்கு ஏழு மாதம், பயணம் கூடாது என்று விட்டுவிட்டு வந்திருந்தான்.

பத்து நாள் லீவு. அதற்குள் மூத்த அண்ணன் அழகனை யார் பார்த்துக்கொள்வது என்று பேசி முடிக்க வேண்டும்.

அழகனுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறடி உடம்பு, நான்கு வயதுப் பிள்ளையின் மனசு. அம்மா காளியாயி கொழுந்துக்குப் போகும்போது அவனையும் மலைக்குக் கூட்டிப்போய்த் தன் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் பறிப்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. தை மாதம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேயிலை நிரையிலேயே உட்கார்ந்தவள், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டாள். அதிலிருந்து பக்கத்து வீட்டு ராசம்மாதான் அவனுக்குச் சோறு போட்டாள், குளிக்க வைத்தாள்.

வந்த அன்று மாலையே ராசம்மா சொல்லிவிட்டாள். "என்னால இனி முடியாதும்மா. இடுப்பு புடிச்சிக்கிருச்சு. மக வேற கூப்புட்டுக்கிட்டே இருக்கா. இந்த மாசம் முடிஞ்சதும் றொசல்லக்கிப் போயிருவேன். நீங்க கூடப்பொறந்தவங்க பேசி ஒரு முடிவு எடுங்க."

"எடுக்குறோம் ராசம்மாக்கா," என்றான் விஜிதரன்.

ஆனால் யாரும் பேச்சை எடுக்கவில்லை. பேச்சுக்குப் பதிலாகப் படகு கிடைத்தது.

விஜிதரனோடு படித்த சோலைமலை, நீர்த்தேக்கத்தில் வலை போட்டு மீன் பிடிப்பவன். காலை எட்டு மணிக்கு மீனைக் கரையேற்றிவிட்டால் மத்தியானம் மழை வரும்வரை அவன் படகு சும்மாதான் கிடக்கும். "புள்ளய கூட்டிக்கிட்டு வாங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்," என்றான். போனார்கள். தண்ணீர் வற்றிக் கரையெல்லாம் சிவந்த சேறு வெடித்துக் கிடந்தது. அழகன் முதலில் ஏற மாட்டேன் என்று சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டான். தனுஜா போய்க் கையைப் பிடித்தாள்.

"வாங்க மாமா. நான் பக்கத்துல இருக்கேன்ல."

எழுந்து வந்தான். படகு நகர்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டவன், நடுத் தண்ணீருக்குப் போனபின் மெதுவாகத் திறந்து பார்த்துச் சிரித்தான். அம்மா இருந்தபோது லோஜினி கடைசியாகப் பார்த்த சிரிப்பு அது.

அதற்குப் பிறகு தினமும் படகுதான். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவார்கள். தீவு மாதிரி எழும்பி நின்ற ஒரு மேட்டில் இறங்கிச் சாப்பிடுவார்கள். ஜீவராஜ் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டான். விஜிதரன் சட்டையைக் கழற்றிவிட்டு நீந்தினான். காலையில் விடிந்ததும் அழகன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போட்டு, போட்டு," என்று படகுக்குப் போக எல்லாரையும் எழுப்புவான். புது வருஷத்துக்கு லோஜினி வாங்கி வந்திருந்த நீலச் சட்டையை அவன் கழற்றவே விடவில்லை. லயத்தின் இரண்டாம் வீட்டு ஆட்கள், "நல்லாத்தான் இருக்கீங்க, ஒத்துமையா," என்றார்கள்.

ஐந்தாம் நாள் மழையில் எல்லாரும் உள்ளே அடைந்து கிடந்தபோது விஜிதரன் தொடங்கினான். "அக்கா, எங்க வீட்டுல இப்ப..." லோஜினி கேட்காதவள் போல் மகளின் தலையை வாரினாள். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் அவர்களுக்கு ஒரே அறை, ஒரு குசினி. அவள் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யாரும் இல்லை. காரணம் இருந்தது. இருந்தும், மழை விட்ட பிறகு பைப்படியில் ஜீவராஜ் அவளிடம் சொன்னது அவளுக்கு நிம்மதி தரவில்லை.

"ஒங்க அண்ணன கூட்டிக்கிட்டுப் போவோம்னு நீ சொன்னா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன், லோஜி. எப்படியாவது சமாளிப்போம். ஆனா நீதான் வாயத் தொறந்து சொல்லணும்."

அவள் வாளி நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எட்டாம் நாள் படகு மறுகரையை ஒட்டிப் போனது. அங்கே மலைச்சரிவு நேராகத் தண்ணீரில் வந்து இறங்கும். சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அம்மா போடுவதுபோலவே பச்சைத் துண்டைத் தலையில் போட்டிருந்தாள். அழகன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"அம்மா!"

அப்படியே எழுந்து நின்றுவிட்டான். "அம்மா! அம்மா!" என்று இரண்டு கையையும் ஆட்டினான். "இருண்ணே, உக்காருண்ணே!" என்று விஜிதரன் எட்டிப் பிடிக்குமுன் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தனுஜா சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனாள்.

சோலைமலை குதித்தான். அவன் மேலே வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று லோஜினிக்குத் தெரியவில்லை. பிள்ளையின் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டான். தனுஜா தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். ஜீவராஜ் அவளை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அழகன் இன்னும் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைத் துண்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி.

கரைக்கு வந்ததும் ஜீவராஜ் சொன்னான். "நான் அன்னைக்குச் சொன்னத மறந்துரு. என் புள்ளய வச்சிக்கிட்டு என்னால முடியாது."

லோஜினி தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இனி அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மகள் இன்னும் நனைந்த உடம்போடு விக்கிக்கொண்டிருக்கும்போது தனக்கு அப்படித் தோன்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விஜிதரனிடம் ஏற்கெனவே ஒரு நம்பர் இருந்தது. கம்பளைக்கு அப்பால், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லம். மாதக்கணக்காக அந்த நம்பரை அவன் போனில் வைத்திருந்தான் என்பது லோஜினிக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபப்பட அவளுக்கு வாய் இல்லை. அன்று இரவே அவன் அங்கே பேசி இடம் கேட்டு முடித்துவிட்டான்.

பத்தாம் நாள் காலை வேன் வந்தது. அழகன் வாசலில் நின்று வேனைப் பார்த்தான். ஏறவில்லை.

"எங்க?"

விஜிதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லோஜினிதான் சொன்னாள். "போட்டுக்குப் போறோம்ணே. பெரிய போட்டு."

ஓடி வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டான். ராசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வழியெல்லாம் தண்ணீர் தெரிகிற இடத்தில் அவன் கண்ணாடியைத் தட்டினான். வேன் நிற்கவில்லை.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. பொறுப்பாக இருந்த சிஸ்டர் நல்ல தமிழில் பேசினார். கையெழுத்துப் போடும் இடத்தில் உறவு என்ன என்று கேட்டிருந்தது. லோஜினி தங்கை என்று எழுதினாள். அழகன் முற்றத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்துவிட்டு வந்தான். "போட்டு எங்க, பாப்பா?" சிறுவயதில் அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஒரு பணியாள் அவனை டீ குடிக்கக் கூட்டிப்போனபோது அவர்கள் கிளம்பினார்கள்.

ஆடியில் லோஜினி தனியாகப் பார்க்கப் போனாள். அவளைப் பார்த்ததும் அழகன் உள்ளே ஓடித் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து கேட்டருகே நின்றான். "வீட்டுக்கு," என்றான். பையை அவன் கையிலிருந்து வாங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவன் கத்தியது ரோட்டு வரைக்கும் கேட்டது. விஜிதரனுக்கு மகன் பிறந்திருந்தான், அவனால் வர முடியவில்லை. அடுத்த மாதம் லோஜினிக்கும் கடையில் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் தனுஜாவுக்குப் பரீட்சை.

தீபாவளி முடிந்த பிறகு போனாள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உடம்பு கொஞ்சம் வற்றியிருந்தது. அவள் கொண்டுபோன முறுக்கை ஒவ்வொன்றாக உடைத்துச் சாப்பிட்டான். "அண்ணே, என்னத் தெரியுதா?" என்றாள். தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினான். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்தபோது அவன் எழவில்லை. பையை எடுக்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. முறுக்குத் தூளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

பஸ் வரக் காத்திருந்தபோது ஜீவராஜ் கொழும்பிலிருந்து போனில் கூப்பிட்டான். "எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு," என்றாள் லோஜினி. "பழகிட்டாரு."